சாப்பாட்டுப் பையில் மோடம்

போன வாரம் அம்மாவைக் கையில் மகளின் போனோடு சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாக நின்றுகொண்டே இருக்கிறாள். உட்காரச் சொல்லலாம் என்றால் இன்றைக்கு அவள் உட்காரும் மனநிலையில் இல்லை.

இந்த வாரம்தான் தொடருக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். தவழ்ந்த காலத்தில் நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே போனதால் வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். கொஞ்ச நாளாக நண்டு ஸ்கூல் பஸ்ஸில் போக மாட்டேன் என்கிறாள். முட்டி வலிக்கிறதாம். அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அந்த முட்டி வலிக்கான காரணம்தான் அம்மாவின் கையிலிருந்த போனில் தெரிந்தது.

‘நேத்தும் ஸ்டாப்புக்கு வரலையே? பூங்கா வாசல்ல ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னேன்.’

அனுப்பியவனுக்குப் பெயர் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கத்தின் படம் இருந்தது.

"யாருடி இது?" என்றாள் அம்மா.

நண்டு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "தெரியாதும்மா."

"தெரியாதவன் எதுக்கு உனக்காக நிக்கிறான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு தடவைகூட பதில் போடலை. வேணும்னா மேல தள்ளிப் பாரு."

அம்மா மேலே தள்ளிப் பார்த்தாள். உண்மைதான். எல்லாமே அவன் பக்கத்துப் பேச்சு. நண்டு ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் அம்மாவுக்குப் பயம் விடவில்லை. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கல்யாணமான புதிதிலேயே அப்பா கண்டுபிடித்துவிட்ட விஷயம் அது.

"நீ பூங்கா வாசல்ல பஸ் ஏறுறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ எங்கயாவது எழுதாம அவனுக்கு ஜோசியமா தெரியும்?"

"நான் எழுதலைம்மா! சத்தியமா எழுதலை!"

இந்த இடத்தில் அப்பா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தார். "என்னத்த சொல்றது. நின்னா போட்டோ, உட்கார்ந்தா போட்டோ. எங்க போறோம், எங்க வர்றோம்னு உலகத்துக்கே தம்பட்டம் அடிக்கிறதே இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேலையாப் போச்சு."

நண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?" என்றாள் அம்மா.

"சொன்னா நெட்டைப் புடுங்கிடுவேன்னுதான்."

அம்மா நேராகக் கூடத்துக்குப் போனாள். சுவரோரம் கண்சிமிட்டிக்கொண்டிருந்த மோடத்தைப் பிளக்கிலிருந்து உருவினாள். ஒயரைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினாள். நண்டின் போனையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அது அப்பாவுடைய பழைய போன். சிம் கிடையாது. வீட்டு மோடம் இருந்தால்தான் அதற்கு உயிர்.

"அம்மா, இன்னிக்கு சாயங்காலம் எனக்கு டெஸ்ட்டு!"

"ஒரு டெஸ்ட்டும் வேண்டாம்."

அது என்ன டெஸ்ட் என்று நமக்குத் தெரிய வேண்டும். போன வருஷம்வரை நண்டுக்குக் கணக்கு என்றாலே பயம். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டால் பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். அதனால் கேட்காமலே உட்கார்ந்திருந்து, கேட்காமலே பெயிலும் ஆனாள். அப்புறம் அத்தைதான் இணையத்தில் ஓர் இலவச வகுப்பைக் காட்டிக் கொடுத்தாள். எங்கோ தொலைதூரத்தில் இருக்கிற ஒரு டீச்சர், பின்னால் அவ்வப்போது பூனை குறுக்கே போகும் ஓர் அறையிலிருந்து பாடம் நடத்துவார். புரியவில்லையென்றால் நிறுத்தலாம், பின்னால் தள்ளி மறுபடி பார்க்கலாம். எத்தனை தடவை கேட்டாலும் திரையில் இருக்கிறவர் முகம் சுளிப்பதில்லை. பெயிலானவள் இப்போது வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். இன்று மாலை நடக்கும் தேர்வில் தேறினால் டீச்சரோடு நேருக்கு நேர் பேசிப் படிக்கும் மேல் குழுவில் இடம். தவறவிட்டால் இந்த வருஷம் மறுவாய்ப்பு கிடையாது.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் மோடத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அப்பா ஸ்கூட்டரில் நண்டைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். இறங்கியதும் அவள் வழக்கம்போலக் கையாட்டவில்லை.

*

அப்பாவின் கடை பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. முன்னால் வெட்டும் மேஜை, பின்னால் மெஷின்கள், ஓரத்தில், துணி விளிம்பு பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினோடு அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கடைக்கென்று இணையத்தில் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. அண்ணிக்கும் அவளுக்கும் எப்போதும் ஒரு செல்லச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். இன்று காலையில் நடந்ததைக் கேட்டதும், "மோடத்தையா? சாப்பாட்டுப் பையிலயா?" என்று சிரிக்கப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கை மட்டும்தான் கடையில் இருந்தது. ஒரு சட்டையில் கழுத்துப்பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி வாக்கில் ஓர் அம்மா தன் சின்னப் பெண்ணோடு உள்ளே வந்தாள். புது வாடிக்கை. அப்பா இன்ச் டேப்பை எடுத்துக் குழந்தையின் தோளை அளந்தார். "வளர்ற பிள்ளை. உள்ள நிறைய தையல் விட்டுத் தரேன், அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்."

"அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள் அந்த அம்மா. "உங்க பொண்ணு போட்டிருந்ததைப் பார்த்தேன். ஸ்கர்ட்ல ஒரு மடிப்பு கலையலை. கத்தி மாதிரி நிக்குது."

தையலைப் பாராட்டிவிட்டால் போதும், அப்பாவின் சிரிப்பு காதுவரை போய்விடும். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "என் பொண்ணை எங்க பார்த்தீங்க?"

"பூங்கா வாசல் ஸ்டாப்புலதான். போன மாசம் இவளைக் கூட்டிட்டுப் போய் நின்னு பார்த்தேன்."

சுண்ணாம்புக் கட்டியால் துணியில் போட்டுக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. "அவ அங்க நிப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மா விழித்தாள். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே போட்டிருந்தீங்க!"

அவர்களை அனுப்பிவிட்டு அப்பா அத்தையின் பக்கத்தில் போய் நின்றார். கேட்கவே பயமாக இருந்தது. "நம்ம பக்கத்தைக் கொஞ்சம் எடு."

அத்தை எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம். பள்ளி திறந்த நேரத்தில் அப்பாவே எடுத்தது. புதுச் சீருடையில் நண்டு, பக்கத்தில் அவள் தோழி. பெரிய அளவும் சின்ன அளவும் ஒரே படத்தில் தெரியட்டும் என்று இருவரையும் சேர்த்து நிற்க வைத்திருந்தார். சட்டைப் பையில் பள்ளியின் பேட்ஜ் பளிச்சென்று தெரிந்தது. கீழே அவரே ரசித்து ரசித்துச் சொல்லி, அத்தை எழுதிய வாசகம்:

‘எங்கள் தையல் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமா? பூங்கா வாசல் பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். தினமும் காலையில் என் மகள் அங்கேதான் நிற்பாள். நேரிலேயே பாருங்கள்!’

கூடவே இரண்டு பெண்களின் இணையக் கணக்குகளும் இணைக்கப்பட்டிருந்தன. தட்டினால் நேரே அவர்களிடம் போகும். மாடல் என்றால் பெயர் போட வேண்டாமா என்று அன்றைக்கு அப்பாதான் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"கீழ இறக்கு" என்றார்.

பாராட்டுகள், இதயங்கள், விலை விசாரிப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு சிங்கம். ‘எத்தனை மணிக்கு நிப்பாங்க?’ என்று கேட்டிருந்தது.

அதற்குக் கடையின் பதிலும் இருந்தது. ‘எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவா சார். மிக்க நன்றி.’

"இது நான் போட்டதில்லை" என்றாள் அத்தை மெல்ல.

"நான்தான் போட்டேன்" என்றார் அப்பா. "கஸ்டமர்னு நினைச்சேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையில் மகள் தன்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தம்பட்டம் அடித்தது யார் என்று தெரிந்துவிட்டது. அதைப் பெற்ற பிள்ளை தலையில் கட்டியதும் தெரிந்துவிட்டது. சட்டென்று கையை நீட்டினார். "அழிச்சிடு. எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடு."

"இருண்ணா, அவசரப்படாதே. முதல்ல எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கறேன். நாளைக்குப் போலீஸ் கேட்டா எதைக் காட்டுவே?" அத்தை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். சிங்கத்தின் கணக்கை, அது கேட்டதை, அண்ணன் பணிவாகச் சொன்ன பதிலை. அப்புறம்தான் நீக்கினாள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"வணக்கம். எந்தப் பிரிவுக்கு இணைப்பு வேணும்?" வீட்டில் ஒருநாளும் கேட்காத அந்தத் தேன் குரல்.

"எனக்கு ஆபரேட்டர்தான் வேணும்" என்றார் அப்பா.

"ஏங்க! என்னாச்சு? அவ நல்லா இருக்காளா?"

"அவ நல்லா இருக்கா. நான்தான் சரியில்லை." ஒன்று விடாமல் சொன்னார். நடுவில், "சார்னு வேற போட்டிருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் திடீரென்று பாட்டு கேட்டது. காத்திருக்கிறவர்களுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பியானோ இசை. இத்தனை வருஷத்தில் அம்மா அவரைக் காத்திருப்பில் போட்டது இதுதான் முதல் தடவை. அவள் அழுகிறாள் என்று அப்பாவுக்குப் புரிந்தது. காதில் போனை வைத்தபடி அந்தப் பியானோவை முழுசாகக் கேட்டார்.

குரல் திரும்பியபோது தெளிவாக இருந்தது. "உங்க தங்கச்சியை அந்தப் படங்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்க. சைபர் கிரைமுக்கு நான் பேசறேன். பர்மிஷன் போட்டுட்டு வந்துடறேன். நீங்க ஸ்கூல் வாசல்ல போய் அவளைக் கூட்டிட்டு வாங்க."

"நான் அவகிட்ட எப்படி..."

"மன்னிப்பு மட்டும் கேளுங்க. கூடவே அறிவுரை எதையும் சேர்த்துக் கொடுக்காதீங்க."

*

பள்ளி விட்டதும் நண்டு வெளியே வந்தாள். அப்பா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மரத்தடியில் இன்ச் டேப் கழுத்தில் தொங்க நின்றிருந்தார். எடுத்து வைக்க மறந்து வந்திருக்கிறார்.

"கழுத்துல டேப்பு" என்றாள் மகள்.

"இருக்கட்டும்." அப்பா வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நண்டு, அவனுக்கு ஸ்டாப்பைச் சொன்னது நான்தான்டா. ஸ்கூல் திறந்தப்போ எடுத்த படத்துக்குக் கீழ விளம்பரமா போட்டேன். நேரம் கேட்டான், அதையும் சொன்னேன். நீ எழுதலைன்னு சொன்னப்போ நம்பாம, உன்னையே திட்டினேன். தப்பு பண்ணிட்டேன்மா."

நண்டு அன்றைக்குப் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள், கீழே எழுதியிருந்ததைப் படித்ததில்லை. நம்பவே முடியாதவள்போல அவரைப் பார்த்தாள்.

"என்னை நடமாடும் போர்டா ஆக்கிட்டியாப்பா?"

"ஆமாம்."

"மடிப்பாவது நல்லா நின்னுச்சா?"

"கடைக்கு வந்த ஒரு அம்மா கத்தி மாதிரி நிக்குதுன்னாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். "நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைச்சேன்பா. ஸ்டாப்புல யாரைப் பார்த்தாலும் இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு..."

அப்பா அவளை அணைத்துக்கொண்டார். தெருவில் அப்படிச் செய்தால் எப்போதும் வெட்கப்பட்டு விலகுகிறவள் இன்று விலகவில்லை.

வீட்டில் அம்மா முன்பே வந்திருந்தாள். மோடம் பழைய இடத்தில், ஒயர் சொருகாமல் இருந்தது. அம்மா தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புகார் பதிஞ்சாச்சு. நாளைக்குக் காலையில நேர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் பொதுவாக. பிறகு மகளிடம், "இங்க வா" என்றாள்.

நண்டு போய் உட்கார்ந்தாள்.

"சொன்னா புடுங்கிடுவேன்னு பயந்தே. நானும் அதையேதான் பண்ணினேன். நீ ஒரு தப்பும் பண்ணலை, தண்டனை மட்டும் உனக்கு." அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இந்த நெட்டைப் பத்தி இப்பவும் பயம்தான், கண்ணு. பயம் போகாது. ஆனா உனக்கு ஒண்ணு நடந்து எனக்குத் தெரியாம போறதுதான் அதைவிடப் பெரிய பயம். இனிமே நீ சொன்னதுக்காக இதை நான் தொட மாட்டேன். வழியை ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்."

ஒயரை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். நண்டு அதைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா போனையும் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

நண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நிஜமாவே தொட மாட்டியா?"

"மாட்டேன்."

"என் விஷயம் இல்லை, வேற ஒருத்தர் விஷயம்னாலும்? கத்த மாட்டியே?"

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் படத்துல நான் மட்டும் இல்லையே" என்றாள் நண்டு.

தோழியை எல்லோரும் மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. அடுத்த தெரு மருந்துக் கடைக்காரம்மாவின் மகள். நண்டைப் போலவே அவளுக்கும் சிங்கத்திடமிருந்து செய்தி வந்திருக்கிறது. நண்டு பதில் போடவில்லை. மைனா போட்டிருக்கிறாள். நன்றாகப் பேசுகிறான், நாம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறான் என்று ஆரம்பத்தில் சொன்னாளாம். அப்புறம் படம் கேட்டிருக்கிறான், அனுப்பியிருக்கிறாள். இப்போது அந்தப் படங்களை அவள் அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறானாம். நாளைக்குக் காலையில் ஸ்டாப்புக்குத் தனியாக வரச் சொல்லியிருக்கிறான்.

"அவ யார்கிட்டயும் சொல்லலைம்மா. சொன்னா அவங்க அம்மா போனை உடைச்சிடுவாங்க, ஸ்கூலையே நிறுத்திடுவாங்கன்னு பயப்படறா. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். இப்ப சொல்லிட்டேன்." நண்டு அம்மாவைப் பார்த்தாள். "அவ என்கூடப் பேச மாட்டா இல்ல?"

அம்மா கத்தவில்லை. மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "கொஞ்ச நாள் பேச மாட்டா. அப்புறம் பேசுவா."

அந்த நேரம் போனில் மணி அடித்தது. தேர்வு திறந்துவிட்டது.

"நீ உட்கார்ந்து எழுது" என்றாள் அம்மா. "மைனாவை நாங்க பார்த்துக்கறோம்."

"எப்படிம்மா எழுத முடியும்?"

"எழுது. உனக்காக இல்லைன்னா எனக்காக எழுது. காலையில பண்ணினதுக்கு நான் வேற எப்படி ஈடு கட்டறது?"

அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள். அப்பா ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். "நானும் வரேன். படம் எடுத்தது நான்."

"அங்க போய் என்ன சொல்றது? அந்தம்மா ரொம்ப கோபக்காரி."

"அவங்க பொண்ணைப் பத்தி நாம முதல்ல ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அப்பா. "என் முட்டாள்தனத்தைச் சொல்லுவோம். திட்டுறதை எல்லாம் முதல்ல என்னைத் திட்டி முடிக்கட்டும். மிச்சக் கோபம் கம்மியா இருக்கும்."

அம்மாவுக்கு அந்த மனுஷனை அப்போது மிகவும் பிடித்தது. அதைச் சொல்ல நேரமில்லை. இருவரும் வேகமாக நடந்தார்கள்.

மருந்துக் கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. கதவைத் திறந்தது மைனாவே. நண்டின் அம்மா அப்பா இருவரும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அவ சொல்லிட்டாளா?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான் சொன்னா" என்றாள் அம்மா.

"கண்ணு, இது உன் தப்பு இல்லை" என்றார் அப்பா. "உன்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்திப் படம் எடுத்து, வழியையும் காட்டினது நான்."

உள்ளேயிருந்து மருந்துக் கடைக்காரம்மாவின் குரல் வந்தது. "யாருடி வாசல்ல?"

மைனா திரும்பி உள்ளே பார்த்தாள். ஓடிப் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் அம்மா நினைத்தாள். அவள் ஓடவில்லை. தன் போனை நண்டின் அம்மா கையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, நான் சொல்றேன். அம்மா அடிக்க வந்தா மட்டும் என் பக்கத்துல நின்னுக்கறீங்களா?"